ஏ மூத்தவர், பி இளையவர்

எங்கள் ஜெகதாப்பட்டினத்தில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால், முதலில் வெளியே வருகிறவன் தம்பி, பின்னால் வருகிறவன் அண்ணன். மற்ற ஊர்களில் தலைகீழாகக் கணக்குப் பார்ப்பார்கள் என்று எனக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் சொல்லும் காரணம் வேறு. வயிற்றுக்குள் முதலில் இடம் பிடித்தவன் அண்ணன். வெளியே என்ன இருக்குமோ ஏது இருக்குமோ என்று அவனுக்குப் பயம். அதனால் "நீ முன்னால போய்ப் பாருடா" என்று தம்பியை அனுப்புகிறான். தம்பி போய்ப் பார்த்து வீறிட்டு அழுகிறான். சரி, ஆள் உயிரோடுதான் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு அண்ணன் சாவகாசமாகக் கிளம்பி வருகிறார்.

அப்படிச் சாவகாசமாக வந்தவன் நான், நிலவழகன். எனக்கு முன்னால் வந்து பார்த்தவன் செம்மல். கால் மணி நேரம் முந்திப் பிறந்த குற்றத்துக்காக அவன் முப்பத்து நாலு வயதிலும் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறான்.

நாங்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். பெற்ற ஆத்தாவுக்கே அடையாளம் குழம்பி, அவன் இடுப்பில் சிவப்புக் கயிறும் என் இடுப்பில் கறுப்புக் கயிறும் கட்டிவிட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவன் செய்த சேட்டைக்கு நான் அடி வாங்கியிருக்கிறேன். நான் எழுதாத வீட்டுப்பாடத்துக்கு அவன் முட்டி போட்டிருக்கிறான். அதில் எனக்குத்தான் லாபம் அதிகம்.

இருபத்தொரு வயதில் எங்களை அடையாளம் காணக் கயிறு தேவைப்படாமல் போய்விட்டது. அப்போது ரெண்டு பேரும் ஒரே விசைப்படகில் வேலை பார்த்தோம். ஒரு நாள் வலை இறக்கியிருக்கும்போது செம்மல் என் பக்கத்தில் வந்து, "இன்ஜின் என் பேரைச் சொல்லுதுண்ணே, ஒனக்குக் கேக்கலையா?" என்றான். நான் கிண்டலடித்தேன். அடுத்த வாரம் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று பட்டினி கிடந்தான். தூக்கம் அறவே போயிற்று. ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக் கிழக்கே திருப்பினான். எல்லைக்கோட்டுக்கு அங்கிட்டு இருந்து யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்களாம். கோட்டைத் தாண்டினால் படகோடு பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நாலு பேர் சேர்ந்துதான் அவன் கையைப் பிரிக்க முடிந்தது.

மனச்சிதைவு நோய் என்று டாக்டர்கள் பெயர் சொன்னார்கள். எங்களுக்கு நோய் புதிது இல்லை, பெயர்தான் புதிது. எங்கள் அப்பா இருளாண்டியும் இப்படித்தான் அலையோடு பேசிக்கொண்டு கரையிலேயே திரிந்தார். அவருக்கு மாத்திரை யாரும் கொடுக்கவில்லை, கடல்பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலைதான் அடித்தார்கள். நாங்கள் ஆறாவது படிக்கும்போது அப்படியே போய்ச் சேர்ந்தார். செம்மலுக்கு மாத்திரை கிடைத்தது, மாதாமாதம் ஊசியும் கிடைத்தது. மெல்ல மெல்லக் கரைக்கு வந்தான். இப்போது ஐஸ் கம்பெனியில் ஐஸ் கட்டியை அரைவை மிஷினில் தள்ளிவிடும் வேலை. கை கொஞ்சம் நடுங்கும். பேசுவதற்கு முன் யோசிப்பான். நாம் சொல்லும் ஜோக்குக்கு எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பான். ஆனால் சிரிப்பான்.

அவன் கரைக்கு வந்தான், நான் நடுக்கடலில் மாட்டிக்கொண்டேன். ஒரே விதை, ஒரே வயிறு, ஒரே முகம். அவனுக்கு வந்தது எனக்கு வராமல் எங்கே போகும்? லேட்டாக வருகிற பஸ் மாதிரி எங்கோ வந்துகொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன். நான் படகு டிரைவர் ஆகிவிட்டேன். பின்னால் இருந்து யாராவது "நிலவு!" என்று கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டேன். முதலில் பக்கத்தில் நிற்கும் படகுப் பையன் திருப்பதியின் முகத்தைப் பார்ப்பேன். அவன் திரும்பினால்தான் அந்தக் குரல் நிஜம். வீட்டிலும் அதே பழக்கம். என் மனைவி ரஞ்சிதா நாலு தடவை "என்னங்க" என்ற பிறகுதான் அசைவேன். வல்லத்திராக்கோட்டையில் வயல்காட்டில் கூவிப் பழகிய தொண்டை அவளுக்கு. "கடல்காரனுக்குக் கட்டிக் குடுத்தாகன்னு பாத்தா செவிடனுக்குக் கட்டிக் குடுத்துருக்காக" என்பாள்.

அவளிடம் ஒன்றை மட்டும் மறைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே செம்மலைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் சொல்லிவிட்டேன். பிள்ளை வேண்டாம் என்று கல்யாணத்துக்குப் பிறகு சொன்னேன். ஐந்து வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த விதை என்னோடு முடியட்டும் என்பது என் முடிவு. அவள் சண்டை போட்டாள், அழுதாள், பிறகு பேசுவதை நிறுத்தினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டுக் கையைக் கழுவும்போது அவள் என்னைப் பார்க்காமல் இருப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் டாக்டர் மிஸ்பா எங்களைத் தேடி வந்தார். பக்கத்துக் கோட்டைப்பட்டினத்துப் பெண். அவருடைய வாப்பா ஒரு காலத்தில் படகு வைத்திருந்தவர். இந்த நோய் உள்ளவர்கள், அவர்களோடு கூடப் பிறந்து நோய் வராதவர்கள், இதில் எதிலும் சேராத வெளியாட்கள் என்று எல்லாருடைய மூளையையும் படம் பிடித்து ஒப்பிடும் ஒரு ஆராய்ச்சியில் அவர் இருந்தார்.

"ஒரே கருவுல வந்த ரெட்டைப் பிள்ளைங்கள்ல ஒருத்தருக்கு வந்துட்டாலும், இன்னொருத்தருக்கு வர்ற வாய்ப்பு பாதிக்குப் பாதிகூட இல்லைங்க" என்றார். "உங்களுக்கு ஏன் வரலைங்கிறது, அவருக்கு ஏன் வந்துச்சுங்கிற அளவுக்கே பெரிய கேள்வி."

என்னை யாரும் அதுவரை ஒரு கேள்வியாகப் பார்த்ததில்லை. பதில் தெரிந்துவிடும் என்ற ஆசையில் உடனே சம்மதித்தேன்.

புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். காதில் பஞ்சை அடைத்து, தலையைக் கூண்டு மாதிரி ஒன்றில் வைத்து, குழாய்க்குள் தள்ளினார்கள். உள்ளே இருந்து வந்த சத்தம் எனக்குப் புதிதாக இல்லை. வால்வு போன இன்ஜின் மாதிரிதான் தட்டியது. ஆனால் கத்தி இல்லை, ரத்தம் இல்லை. மண்டையைத் திறக்காமல் ஒரு மிஷின் உள்ளே போய்ப் பார்க்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. எதையும் நினைக்காமல் படுத்திருங்கள் என்றார்கள். நினைப்பு தெரிந்துவிடுமோ என்று பயந்து, நான் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே கிடந்தேன்.

வெளியே வந்ததும் படம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மிஸ்பா சிரித்துவிட்டார். "ஞாபகத்துக்கு வேணா ஆளுக்கு ஒரு படம் தர்றேன். ஆனா அதைப் பாத்து நீங்களா எதுவும் முடிவு பண்ணாதீங்க. ஒரு படத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். பிறகு அவருடைய உதவியாளர் ரகுநாத் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆராய்ச்சியில் பெயர் போட மாட்டார்களாம், எழுத்துதான். "ஏ மூத்தவர், பி இளையவர்" என்றார்.

அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கவரைப் பிரித்தேன். செம்மல் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கறுப்பு வெள்ளைப் படங்கள். சில நேரம் வலையில் மடிப்பு மடிப்பாகப் பவளக்கல் மாட்டி வரும். அதைக் குறுக்கே அறுத்து வைத்தது போல இருந்தது. இதற்குள்ளா நான் இருக்கிறேன்? இதற்குள்ளா அப்பா முகம் இருக்கிறது, கடல் இருக்கிறது? வெகுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

ரெண்டு படத்திலும் நடுவில், குட்டித் திருக்கை மீன் சிறகு விரித்தது போல ஒரு கறுப்புப் பள்ளம். அங்கேதான் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. படகில் எக்கோ மிஷின் பார்ப்பவன் நான். கடலுக்கு அடியில் எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே வலை கிழியும் என்று திரையைப் பார்த்ததுமே சொல்வேன். ஏ படத்தில் பள்ளம் ஒடுக்கமாக இருந்தது. பி படத்தில் நன்றாக அகன்றிருந்தது. ஏ மூத்தவர், அதாவது அண்ணன், அதாவது நான். பி இளையவர், செம்மல். நோய் அவன் மூளையை நடுவில் தின்றிருக்கிறது. என்னுடையதை விட்டுவிட்டது.

தோளில் கிடந்த தலையைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய பள்ளத்தைச் சுமந்துகொண்டா இவன் காலையில் எழுந்து ஐஸ் கம்பெனிக்குப் போகிறான் என்று பாவமாக இருந்தது. எழுப்பிவிடக் கூடாது என்று அறந்தாங்கி வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அதே நேரத்தில் எனக்குள் ஒரு சந்தோஷம் குதித்துக்கொண்டிருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரஞ்சிதாவிடம் படத்தைக் காட்டினேன்.

"நாமளா முடிவு பண்ணக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகளாமே" என்றாள்.

"அவுக பாக்குறதுக்கு முன்னாடி இருந்தே நான் பள்ளம் பாக்குறவன். இந்தா பாரு, எனக்கு ஒண்ணும் இல்லை. நாம பிள்ளை பெத்துக்கலாம்."

அவள் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "இந்தத் தலைக்குள்ள இம்புட்டு இருக்குன்னு யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள்.

பி படத்தைச் செம்மலிடம் கொடுத்தேன். அதை ரெண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். பள்ளத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. "எத்தனை மடிப்புண்ணே! இம்புட்டு வச்சுக்கிட்டா நான் சும்மா ஒக்காந்திருக்கேன்?" என்றான். அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டான். ஏ படத்தை நான் படகில் ஸ்டியரிங்குக்கு மேலே முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். "இது எந்தத் தீவுண்ணே? மீன் கெடைக்குமா?" என்று திருப்பதி கேட்டான். கெடைக்கும்டா என்றேன். யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பினேன். அந்த வருடம் முழுக்க நான் நல்ல மனிதனாக இருந்தேன்.

இந்த வருடம் தடைக்காலத்தில் மிஸ்பா மறுபடி கூப்பிட்டார். ஒரு வருடம் கழித்து அதே ஆட்களை மறுபடி படம் பிடிப்பார்களாம். ரஞ்சிதாவுக்கு ஏழு மாதம். வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று அவளும் கிளம்பிவிட்டாள். ஸ்கேன் சென்டரில் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். வழியில் வாங்கிய கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னை முதலில் எடுத்து முடித்து, செம்மலை உள்ளே அனுப்பினார்கள். நான் மிஸ்பாவின் அறைக்குப் போனேன், நன்றி சொல்ல.

"ஒங்க படத்தைப் பாத்துத்தான் டாக்டரம்மா தைரியம் வந்துச்சு. ஏ படத்துல பள்ளம் சின்னதா இருந்துச்சா, நம்மளுக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப ரஞ்சிதாவுக்கு ஏழு மாசம்."

மிஸ்பா பேனாவைக் கீழே வைத்தார். "ஏ படமா?"

"ஆமா. மூத்தவர் ஏ தானே?"

"நிலவழகன், செம்மல்தானே முதல்ல பொறந்தவரு? நான் கேட்டப்ப அவரே சொன்னாரே."

"முதல்ல பொறந்தது அவன்தான். அதனாலதான அவன் தம்பி."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. மிஸ்பா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "எங்க உம்மாவும் இப்படித்தான் சொல்வாங்க. கோட்டைப்பட்டினத்துல பொறந்துட்டு எனக்கு இது தோணியிருக்கணும்" என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டதற்குச் செம்மல் உண்மையைச் சொன்னான், ரகுநாத் சொன்னதை நான் உண்மையாகப் புரிந்துகொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அகலமான பள்ளம் என்னுடையது. தம்பியின் தலையைப் பார்த்து நான் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு வெளியே கொய்யாப்பழம் தின்றுகொண்டிருப்பவளிடம் இதை எப்படிச் சொல்வேன்?

"அப்ப எனக்கு வரப்போகுதா?" என்றேன்.

"ஒக்காருங்க."

"பெரிய பள்ளம் எனக்குன்னா, நோவு மட்டும் ஏன் அவனுக்கு?" என் குரல் உயர்ந்துவிட்டது. கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

"தெரியலைங்க" என்றார் மிஸ்பா.

டாக்டர்கள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தப் பள்ளம் நோவு தின்ன எடம் இல்லை. எல்லாருக்கும் இருக்கு. என் தலையிலயும் இருக்கு. உள்ள தண்ணி. அந்தத் தண்ணி அங்கயே ஊறி, மூளையைச் சுத்தி ஓடி வடியும். ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை புதுசா மாறும்."

"தலைக்குள்ள ஊத்தா?"

"ஆமா."

"உப்புக் கரிக்குமா?" ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"கரிக்கும். உப்புத் தண்ணிதான்."

பிறகு நிதானமாகச் சொன்னார். நூற்றுக்கணக்கான ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பள்ளம் சராசரியில் கொஞ்சம் அகலமாக இருக்கிறது, சில இடங்களில் சதை கொஞ்சம் மெலிந்திருக்கிறது. இரட்டையர்களிலும் பெரும்பாலும் நோய் வந்தவருக்குத்தான் அகலம். சிலரிடம் மாறி இருக்கிறது, எங்களைப் போல. நோய் வராத உடன்பிறப்புகளிடமும் அதன் சாயல் கொஞ்சம் தென்படுவது உண்டு. ஆனாலும் தனியாக ஒருவருடைய படத்தை எடுத்து வைத்து, இவருக்கு வரும், இவருக்கு வராது என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. விதையில் வருவது ஒரு பெரிய பங்கு, ஆனால் முழுப் பங்கு இல்லை.

"பிள்ளைக்கு?" என்றேன்.

"எந்தப் பிள்ளைக்கும் நூத்துல ஒரு வாய்ப்பு இருக்கு. உங்க குடும்பத்துல அது சில மடங்கு கூட. அதை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அப்பவும் பெரும்பாலான பிள்ளைங்களுக்கு வர்றதில்லை. ஏ படம் உங்களோடதா இருந்திருந்தாலும் நான் இதேதான் சொல்லியிருப்பேன்."

எனக்கு எல்லாம் விளங்கிற்று, பயம் மட்டும் போகவில்லை. மிஸ்பா அதைப் பார்த்தாரோ என்னவோ, நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்கிட்டு வாங்க" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். சற்றுமுன் எடுத்த என் படத்தைத் திரையில் கொண்டுவந்தார்.

காகிதத்தில் இருந்தது ஒரு துண்டு. இது முழுசும். அவர் மவுஸை உருட்ட உருட்ட, உச்சந்தலையிலிருந்து நான் திறந்துகொண்டே கீழே இறங்கினேன். மடிப்புகள் பிறந்தன, வளைந்தன, ஒன்றோடொன்று சேர்ந்தன, மறைந்தன. நடுவில் அந்தத் தண்ணீர் சின்னதாகத் தோன்றி, சிறகு விரித்து, சுருங்கி, ஒரு நூலாகிக் கீழே வழிந்து போயிற்று. கண்ணுருண்டைகள் ரெண்டும் வெள்ளையாக வந்து நின்றன. இந்தக் கண்தான் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பதிமூன்று வருடமாகப் பயந்தது இதுதான். எதை நினைத்துப் பயந்ததோ, அதுவும் இதுதான். எனக்குக் கை கூப்ப வேண்டும் போல இருந்தது. வெட்கத்தால் கூப்பவில்லை.

பக்கத்திலேயே செம்மலின் போன வருடத்துப் படத்தை வைத்தார். ஒரே முகம், ஒரே மண்டை, ஒரே மூக்கு. ஆனால் மடிப்புகள்? நான் குனிந்து பார்த்தேன். எனக்கு நேராக ஓடிய வரப்பு அவனுக்கு ரெண்டாகப் பிரிந்திருந்தது. எனக்கு இல்லாத ஒரு சுழி அவனுக்கு இருந்தது.

"ஒண்ணா இல்லையே!"

"இருக்காதுங்க. பெரிய மடிப்பு ஒத்துப்போகும். சின்ன மடிப்பு கைரேகை மாதிரி, ஆளாளுக்கு வேற. ஒரே விதைதான், ஒரே வயிறுதான், இருந்தாலும் ஒண்ணா விழலை பாருங்க." அவர் குரலும் தாழ்ந்துவிட்டது. "ஆறு வருசமா தினமும் பாக்குறேன். இன்னும் எனக்கு இது பழகலை."

"எப்ப விழுது இந்த மடிப்பு?"

"வயித்துல இருக்கும்போதே. மொதல்ல வழவழன்னுதான் இருக்கும். கடைசி மூணு மாசத்துலதான் வேகமா மடிப்பு விழ ஆரம்பிக்கும்."

நான் கதவைப் பார்த்தேன். "அப்ப இப்ப..."

"ஆமா. இப்ப, இந்த நிமிசம் விழுந்துக்கிட்டு இருக்கும்."

வெளியே வந்தேன். ரஞ்சிதா கொய்யாப்பழத்தை முடித்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் இருட்டில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாருடையதைப் போலவும் இல்லாமல், ஒவ்வொரு வரப்பாக விழுந்துகொண்டிருக்கிறது. என்னுடையது இல்லை, செம்மலுடையது இல்லை, அப்பாவுடையதும் இல்லை.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?"

சொல்லிவிட்டேன். ஏ நான் இல்லை, பி தான் நான் என்றேன். பெரிய பள்ளம் என்னுடையது என்றேன். நான் தப்பாகப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளை வந்தது என்றேன்.

ரஞ்சிதா கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"பள்ளத்தைப் பாத்து நீங்கதான் வந்தீக" என்றாள். "நான் பள்ளம் பாத்தா வந்தேன்? அந்தப் பள்ளத்தோடதான ஆறு வருசமா குடும்பம் நடத்துறேன். உப்பு வாங்கிட்டு வரச் சொன்னா மறந்துருவீக. அதுக்கு மேல அது என்ன பண்ணுச்சு எனக்கு?" சொல்லும்போதே குரல் உடைந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயமா இருந்தாலும் இது எனக்கு வேணும்."

அப்போது செம்மல் காதிலிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே வந்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததும் நின்றான். அவனிடமும் சொன்னேன். மெதுவாகக் கேட்டான். அவனுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும், காத்திருந்தோம்.

"அப்ப என் ரூம்ல ஒரு வருசமா இருந்தது நீயாண்ணே?"

"ஆமாடா."

"தெனமும் காலையில அதுகிட்ட, இன்னைக்கு ஒழுங்கா இருடான்னு சொல்லிட்டுத்தான் மாத்திரை போடுவேன்." யோசித்தான். "அதான் நீ ஒழுங்கா இருந்திருக்க."

ரஞ்சிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். செம்மலும் கொஞ்சம் பொறுத்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாளும் அவனிடம் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். "பிள்ளைக்கு ஒன்னைய மாதிரி வந்துருமோன்னு பயமா இருக்குடா."

சொன்ன பிறகுதான் அது அவனைக் குத்தும் என்று தோன்றியது. அவன் முகம் மாறவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்தான்.

"வரலாம். வராமயும் போகலாம்" என்றான். "வந்தா என்னண்ணே? நான்தான் முன்னால போய்ப் பாத்துட்டேனே."

ரஞ்சிதா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பாவுக்கு முன்னால போய்ப் பாத்த ஆளு யாரும் இல்லை. அதான் அவரு அங்கிட்டே நின்னுட்டாரு. எனக்கு எடம் தெரியும். எங்க தூக்கம் போகும், எங்க பயமா இருக்கும், கூப்பிடுற குரல்ல எது பொய், எந்த மாத்திரைக்குக் கை நடுங்கும், எல்லாம் தெரியும். திரும்பி வர்ற வழியும் தெரியும். பிள்ளைக்கு நான் சொல்லிக் குடுப்பேன்."

ஸ்கேன் சென்டர் வராண்டாவில், போகிற வருகிற ஆட்களுக்கு நடுவில், நான் வாய்விட்டு அழுதேன். இவனையா நான் இத்தனை வருடம் வரப்போகும் கெடுதியின் அடையாளமாகப் பார்த்தேன்? அன்றைக்கும் என்னை வயிற்றுக்குள்ளேயே விட்டுவிட்டு அவன்தான் முதலில் போனான். நான் பாட்டுக்கு அண்ணன் என்று பெயர் வாங்கிக்கொண்டேன்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சாயங்காலக் கூட்டம் நெரிந்தது. அறந்தாங்கி வண்டி உள்ளே நுழையும்போதே ஜனம் ஓடியது. "மதினி நிக்க முடியாது. நான் முன்னால போறேன்" என்று செம்மல் துண்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தான். ஆளே தெரியவில்லை. நாலு பக்கமும் இரைச்சல், ஹாரன், கண்டக்டர்களின் கூவல்.

அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே! எடம் இருக்கு, வாண்ணே!"

நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரஞ்சிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, குரல் வந்த பக்கம் நடந்தேன்.